மூன்று வரிக் காவலன்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சின்னக்கண்ணுவை மிளகு அறை வாசலில் நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். ஒரு வாரமாக அந்த மனிதர் அங்கேயே நிற்கிறார். நீங்களும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இந்த வாரம்தான் முதல்முறையாக இதழைக் கையில் எடுத்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொல்லிமலையில், செம்மேட்டுக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒரு வீட்டின் மருமகள் அருள்மொழி. கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து சென்னையில் ஒரு கம்பெனிக்கு அனுப்புவது அவள் வேலை. கேட்கிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். மிளகு மூட்டை அடுக்கிய அறைதான் அவளுக்கு ஸ்டூடியோ. சுற்றிலும் மூட்டை இருந்தால் குரல் எதிரொலிக்காது.

இந்தத் தடவை அவள் தலையில் கட்டிய புத்தகம் 'பனிக்கோள் பேரவை'. விஞ்ஞானக் கதை. ஒரு கோள், அதைச் சுற்றி நிலாக்கள், நிலாவுக்கு ஒரு அரசாங்கம், அரசாங்கத்துக்கு ரெண்டு கட்சி, கட்சிக்குள்ளே கோஷ்டி. ஒசாரி என்று ஒரு அமைச்சர், ஒசேரன் என்று ஒரு தூதர், ஒசிரா என்று ஒரு எதிர்க்கட்சித் தலைவி. பெயர் வைத்த புண்ணியவான் கையில் கிடைத்தால் நானே நாலு கேள்வி கேட்பேன். யார் எந்தக் கட்சி, யார் யாருக்குக் குழி பறிக்கிறார் என்று வாசிக்கிறவளுக்கே மனதில் நிற்கவில்லை என்றால் கேட்கிறவனுக்கு எப்படி நிற்கும்?

அருள்மொழி ஒரு வழி கண்டுபிடித்தாள். சின்ன வயதிலிருந்தே யார் பேசினாலும் அச்சு அசலாகப் பேசிக்காட்டுகிறவள் அவள். கதையில் வருகிற ஒவ்வொரு அரசியல்வாதிக்கும் மலையில் உள்ள ஒருவர் குரலைக் கொடுத்துவிட்டாள். மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது; பைல் நாட்டுக்காரர்கள் எல்லாரும் எதிர்க்கட்சி. வளப்பூர் நாட்டுக்காரர்கள் ஆளுங்கட்சி. நாட்டுக்குத் தலைவரான நாட்டுக் கவுண்டர் சின்னுசாமி பேரவைத் தலைவர். அதன் பிறகு ஒருத்தர் பெயரும் அவளுக்குக் குழம்பவில்லை.

முதல் பாதி வெளியானது. பஸ்ஸில் யாரோ போட்டுக் கேட்க, மலையே கண்டுபிடித்துவிட்டது. சின்னுசாமிக் கவுண்டர் பெருமை தாங்காமல் செம்மேட்டு டீக்கடையில் போனைச் சத்தமாக வைத்து, தான் பேரவையைக் கலைக்கிற இடத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஆளுநர் தெல்வான் அந்தக் கதையில் நல்லவர். அவருக்கு அருள்மொழி கொடுத்தது செத்துப்போன தன் மச்சாண்டார், அதாவது புருஷனின் அண்ணன், செல்வத்தின் குரலை. ஆளுநர் கூடவே திரிகிற விளக்குத் துறை அமைச்சர் ஒசாரிக்குக் கொடுத்தது சின்னக்கண்ணுவின் குரலை. சின்னக்கண்ணு அவள் மாமியார் சென்னம்மாளின் உடன்பிறந்த தம்பி, செல்வத்துக்குத் தாய்மாமன். செல்வம் இருந்தவரை மாமனும் மருமகனும் ஒன்றாகவே திரிந்தவர்கள். ஜோடியாக வைத்தால் மறக்காது என்றுதான் வைத்தாள். வேறு எந்த நினைப்பும் அவளுக்கு இல்லை. சத்தியமாக இல்லை.

போன வருஷம் ஆடி மழையில் செல்வம் ஓட்டிய பிக்கப் வண்டி மலைப்பாதை வளைவில் உருண்டது. தூங்கிவிட்டான் என்றார்கள். சின்னக்கண்ணு அன்றைக்குப் புளியஞ்சோலையில் இருந்தார். அப்படித்தான் அவர் சொன்னார். சேதி கேட்டு ஓடி வந்து, எல்லாரையும்விட அதிகமாக அழுததும் அவர்தான்.

அவ்வளவுதான் பழங்கதை. இனி வாசலுக்கு வருவோம்.

*

"ஏன் கண்ணு, அந்த ஆளுக்கு எம்பட குரல எதுக்கு வெச்ச?"

கேட்டுவிட்டு சின்னக்கண்ணு உள்ளே வந்தார். வெளியே ஐப்பசி மழை விட்டு மஞ்சு, மலைக்காரர்கள் சொல்லும் மூடுபனி, இறங்கியிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கே அறைக்குள் விளக்கு எரிந்தது. முற்றத்தில் ரமேஷ்குமார் மூட்டைகளைத் தூக்கிச் சின்னக்கண்ணுவின் பிக்கப்பில் போடும் சத்தம் கேட்டது. ரமேஷ்குமார் அருள்மொழியின் புருஷன், செல்வத்தின் தம்பி. இன்றைக்கு மலையடிவாரத்தில் மிளகு வியாபாரி அமீர் பாஷா கடைக்குச் சரக்கு கொண்டுபோக மாமன்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார்.

"சும்மாதான் சித்தப்பா," என்றாள் அருள்மொழி. மாமியாரின் தம்பி என்பதால் அவளுக்கு அவர் சித்தப்பா முறை. "உங்க குரல் மெதுவா, கேக்கறதுக்கு நல்லா இருக்கும். அதான்."

"நல்லா இருக்குது. நானும் கேட்டன்." ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார். கையிலிருந்த பச்சை ப்ளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டார். அந்த ப்ளாஸ்க் இல்லாமல் அவரை மலையில் யாரும் பார்த்ததில்லை. "அந்த மந்திரி ஆளுநருக்குச் சூடா ஏதோ ஊத்திக் குடுக்கறான். குடிச்சுட்டுப் போ சாமி, குளிருதுன்னு சொல்றான். அவரும் குடிச்சுட்டு ஓடத்த எடுத்துட்டுப் போறாரு. போய் விழுந்துடறாரு."

"ஆமாங்க சித்தப்பா. புத்தகத்துல அப்படித்தான் இருக்குது."

"புத்தகத்துல."

"ஆமாங்க."

சின்னக்கண்ணு ப்ளாஸ்க்கை மடியில் ஒரு சுற்றுச் சுற்றினார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டே யாரும் பார்த்ததில்லை.

"சோளக்காட்டுல நான் அவனுக்கு டீ ஊத்திக் குடுத்தப்ப அங்க ஒரு ஈ காக்கா இல்ல கண்ணு. கடையெல்லாம் அடச்சிருந்துது. மழை. உனக்கு ஆரு சொன்னா?"

அருள்மொழிக்கு முதலில் புரியவில்லை. அவனுக்கு என்றால் யாருக்கு? கதையில் சோளக்காடு எங்கே வந்தது?

பிறகு புரிந்தது.

சோளக்காடு, மலைப்பாதை இறங்கத் தொடங்குகிற இடம். செல்வம் கடைசியாக வண்டி ஓட்டிப் போன வழி. இவர் அன்றைக்குப் புளியஞ்சோலையில் அல்லவா இருந்தார்? அது மலைக்கு அந்தப் பக்கம், துறையூர்ச் சரிவில் அல்லவா இருக்கிறது?

மிளகின் காரம் மூக்கில் ஏறியது, தும்மல் வரவில்லை. தப்பாக ஏதும் முகத்தில் காட்டிவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"ஆரும் சொல்லலீங்க சித்தப்பா," என்றாள். "கதைதானுங்க."

"ரெண்டாவது பாகம் இன்னும் வரலையாமா?"

"இல்லீங்க. இனிமேத்தான் பதிவு பண்ணோணும்."

"அதுல அந்த மந்திரி என்ன ஆவறான்?"

ரெண்டாம் பாகத்தை அவள் ஏற்கெனவே வாசித்து முடித்திருந்தாள். ஒசாரி ஊற்றிக் கொடுத்த பானத்தில் தூக்க மருந்து கலந்திருந்தது ரெண்டாம் பாகத்தில்தான் தெரியவரும்.

"இன்னும் படிக்கலீங்க," என்றாள்.

சின்னக்கண்ணு எழுந்தார். அவள் தலையில் கை வைத்து, குழந்தையைத் தட்டுவது மாதிரி ரெண்டு தட்டுத் தட்டினார்.

"செரி கண்ணு. ரமேசுகிட்டயும் வழியில கேட்டுக்கறன். பொண்டாட்டி சொல்லாதத புருசன் சொல்லுவானில்ல."

*

அவர் வெளியே போன பிறகும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. முற்றத்தில் என்ஜின் உறுமியது. அந்தச் சத்தம்தான் அவளை எழுப்பியது, ஓடினாள்.

ரமேஷ்குமார் ஸ்டீரிங்கில் உட்கார்ந்திருந்தான். சின்னக்கண்ணு பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.

"மாமாவுக்கு முழங்கால் வலியாமா. நானே ஓட்டறன்," என்றான் ரமேஷ்.

செல்வம் போன அன்றைக்கும் வண்டி மாமன் வண்டிதான். அவருக்கு அன்றைக்கும் முழங்கால் வலி இருந்திருக்குமோ? அருள்மொழி ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்குப் போக வேண்டாமுங்க. மஞ்சு பயங்கரமா இருக்குது."

"என்னைக்கு இல்லாத மஞ்சு? அமீர் பாய் காத்துட்டு இருப்பாரு."

"எனக்குத் தலை சுத்துதுங்க."

"அம்மாவ ரசம் வெச்சுத் தரச் சொல்லு. சாயங்காலம் வந்தர்றன்."

அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் தெரியாதவன் முகம். அவனுக்கு அந்தப் பக்கம் சின்னக்கண்ணு ப்ளாஸ்க்கை டேஷ்போர்டின் மேல் வைத்து, அது உருளாமல் இருக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றியபடியே அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் எதிரில் என்ன சொல்ல முடியும்? அவள் கையை எடுத்தாள். வண்டி மஞ்சுக்குள் போய்விட்டது.

வீட்டுக்குள் மாமியார் சென்னம்மாள் போனைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பனிக்கோளும் தெரியாது, பேரவையும் தெரியாது. ஆளுநர் தெல்வான் பேசுகிற இடங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பாள். அது அவள் பெரிய மகன் குரல். முதல் தடவை கேட்டபோது சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதவள், அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்காமல் தூங்கியதில்லை.

"அத்தை," என்றாள் அருள்மொழி. "மச்சாண்டாரு செத்த அன்னைக்குச் சித்தப்பா எங்க இருந்தாரு?"

"புளியஞ்சோலையில. இப்ப எதுக்கு அது?"

"சோளக்காட்டுல மச்சாண்டாருக்கு டீ ஊத்திக் குடுத்ததா இப்ப அவரே சொன்னாருங்க. அவருக்குத் தெரியாம வாயில வந்துருச்சு. கதையில நான் வேணும்னே அத வெச்சதா நெனச்சுட்டாரு."

சென்னம்மாள் போனை மடியில் வைத்தாள். அவள் முகம் இறுகியது.

"செத்த எம் மவன் குரல எடுத்துக் கதை சொல்லி வித்த. நான் ஒண்ணும் சொல்லல. கேக்க நல்லா இருந்துது, கேட்டன். இப்ப எந் தம்பி மேல பழி போடறியா?"

"பழி இல்லீங்க அத்தை."

"அவன் அன்னைக்கு அழுத அழுவைய நீ பாத்தயல்ல? சுனைக்காட்ட விக்கற விசயத்துல ரெண்டு பேருக்கும் பேச்சு வளந்துது, வாஸ்தவம். சுனை இருக்கற எடத்தக் காட்டேஜ் கட்டறவனுக்குத் தர மாட்டன்னு செல்வம் சொன்னான். மாமன் கோவிச்சுக்கிட்டான். அதுக்காக? தூக்கி வளத்த கை அது."

செல்வத்தின் சுனைக்காடு இப்போது ரமேஷ் பெயரில் இருக்கிறது. ரமேஷும் போன வாரம்தான் மாமனிடம் முடியாது என்று சொன்னான். இதைச் சென்னம்மாளும் அறிவாள். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சும்மா பயந்து சாகிறேனா என்று அருள்மொழி தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒரு வழிதான் இருந்தது. அமீர் பாஷாவுக்குப் போன் போட்டாள்.

"சொல்லும்மா, நல்லா இருக்கியா?" அமீர் பாஷா குரலில் அவசரம் தெரிந்தது. "ஜும்மா தொழுகைக்குக் கெளம்பிட்டு இருக்கேன்."

"பாய், உங்க கடைக்கு இன்னைக்கு மிளகு லோடு வருதுங்களா?"

"இன்னிக்கா? வெள்ளிக்கிழம கடைய அடச்சுருவனேம்மா. லோடு எதுவும் வேண்டாம்னு சின்னக்கண்ணுகிட்ட நேத்தே சொல்லிட்டேன். செரி பாய், சனிக்கிழம பாத்துக்கலாம்னு சொன்னாரே. ஏம்மா, என்ன?"

"ஒண்ணுமில்லீங்க பாய்."

அவள் போனை வைத்தாள். லோடு இல்லை. கடை அடைப்பு. அது தெரிந்தும் அவள் புருஷனை மலைப்பாதைக்குக் கூட்டிப்போகிறார்.

*

ரமேஷைக் கூப்பிட்டு வண்டியை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ரமேஷ் வண்டி ஓட்டும்போது போனை ஸ்டாண்டில் மாட்டி ஸ்பீக்கரில்தான் பேசுவான். அவள் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் மாமன் காதிலும் விழும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஸ்டீரிங்கை ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

மாமனுக்குப் புரியாமல், புருஷனுக்கு மட்டும் புரிகிற மாதிரி என்ன சொல்வது?

அப்போதுதான் அவளுக்கு வாயிற்காவலன் நினைவு வந்தது.

அந்தப் பெரிய கதையில் அவன் ஒரு மூலையில் வருகிற ஆள். பெயர் பிம். ஆளுநரின் ஓடத்தில் ஏறி, புறப்படுவதற்கு முன்னால் இறங்கிவிடுவான். அவனுக்கு மூன்றே வரி. அந்த மூன்று வரிக்கு அவள் கொடுத்திருந்தது ரமேஷின் குரல். அதற்கு அவன் பண்ணிய ரகளை இருக்கிறதே. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் மந்திரி பதவி, கட்டிய புருசனுக்கு வாட்ச்மேன் வேலையா என்று நேற்று தோசை சாப்பிடும்போதுகூடக் கேட்டான். கேட்டுவிட்டு அந்த மூன்று வரியையும் கையை ஆட்டி நடித்துக் காட்டினான்.

கலம் தயார், ஆளுநரே.

எனக்கு வேண்டாம், வயிறு சரியில்லை.

நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன்.

அமைச்சர் ஒசாரி பானத்தை நீட்டும்போது அவன் சொல்வதுதான் ரெண்டாவது வரி. சொல்லிவிட்டு இறங்கிப் போனவன் பிழைத்தான்.

வழி கிடைத்துவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. காரணம் ரமேஷ். இந்தக் கதையில் யார் யார் என்பது அவனுக்கு ஒரு நாளும் நின்றதில்லை. அவள் மாய்ந்து மாய்ந்து சொல்வாள், அவன் ஒசாரியை ஒசேரன் என்பான், ஒசிராவை ஆம்பளை என்பான். அதைச் சொல்லி இத்தனை நாள் சிரித்தாள். இன்றைக்கு அவன் உயிர் அந்த ஞாபகத்தில் நின்றது.

போன் போட்டாள். மணி அடித்தது. எடுத்தான்.

"என்ன அருளு?" என்ஜின் சத்தம், ஹாரன் சத்தம். "வளைவுல இருக்கறன்."

"ஏனுங்க, சென்னைக் கம்பெனில இருந்து கூப்புட்டாங்க," என்றாள். குரல் அவள் தொழில். இத்தனை பேர் குரலைக் காப்பாற்றியவளுக்குத் தன் குரலை நடுங்காமல் வைத்துக்கொள்வது அன்றைக்குத்தான் கஷ்டமாக இருந்தது. "உங்க ஆளு பேசறது சரியா விழலையாம். திருப்பிப் பதிவு பண்ணோணுமாம். அந்த மூணு வரிய ஒருக்காச் சொல்லுங்க, கேட்டுக்கறன்."

"இப்பவா? என்ற ஆளு எது, அந்த மந்திரிக்குத் தம்பியா?"

அருள்மொழி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லீங்க. வாட்ச்மேன்."

"அட, அவனா." ரமேஷ் சிரித்தான். பக்கத்தில் சின்னக்கண்ணுவின் சிரிப்பும் கேட்டது.

"என்ன கண்ணு, தலை சுத்தல் நின்னுருச்சா?" என்றது மாமன் குரல். "வேல பாக்க ஒக்காந்துட்ட போலிருக்குது."

"ஆமாங்க சித்தப்பா. கம்பெனிக்காரங்க அவசரப்படறாங்க."

"பண்ணு, பண்ணு. ரமேசு, அந்த ஓரமா நிறுத்து சாமி. டீ குடிச்சுட்டே பேசலாம். குளிருது பாரு."

வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. ப்ளாஸ்க் மூடி திருகுகிற சத்தமும் கேட்டது. அத்தனை சின்னச் சத்தம் போனில் கேட்குமா என்று கேட்பீர்கள். அவளுக்குக் கேட்டது.

"மொதல் வரி சொல்லுங்க," என்றாள்.

"கலம் தயார், ஆளுநரே."

"ம். அடுத்தது?"

"அடுத்தது..." அவன் யோசித்தான். "என்னமோ வருமே. மறந்துட்டனே."

டீ ஊற்றுகிற சத்தம்.

"இந்தா சாமி," என்றார் சின்னக்கண்ணு.

"நேத்து தோசை சாப்புடறப்ப கையை ஆட்டிச் சொன்னீங்களே," என்றாள் அருள்மொழி. "அந்த மந்திரி ஒண்ணு நீட்டுவாரு. அதுக்கு வாட்ச்மேன் என்ன சொல்லுவான்? அதைய ஏத்த எறக்கமாச் சொல்லோணுமாம். நெஞ்சுல இருந்து சொல்லோணுமாம்."

மஞ்சுக்குள் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறியது. அந்தச் சத்தம் தேய்கிற வரை அவன் பேசவில்லை.

"எனக்கு வேண்டாம்," என்றான் ரமேஷ். மெதுவாகச் சொன்னான். "வயிறு சரியில்லை."

அதை நடித்துச் சொன்னானா, நிஜமாகச் சொன்னானா? அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாவது வரியைக் கேட்க வாயைத் திறந்தாள். லைன் அறுந்துவிட்டது.

திருப்பிப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டாள். மறுபடி அதையே சொன்னது.

*

காத்திருப்பதைப் பற்றி எழுதச் சொன்னால் நான் பக்கம் பக்கமாக எழுதுவேன், உங்களுக்குப் பிடிக்காது. அவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். அவ்வளவுதான். செல்வத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கிய அதே வாசல். அன்றைக்கு அழுதுகொண்டிருந்த ரமேஷின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். அந்தத் தோள் இப்போது எந்த வளைவில் இருக்கிறது?

சென்னம்மாள் வந்து பக்கத்தில் நின்றாள். அவள் இத்தனை நேரமும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"பாய் என்ன சொன்னாரு?"

"லோடே இல்லையாம் அத்தை. நேத்தே சித்தப்பாகிட்டச் சொல்லிட்டாராம்."

சென்னம்மாள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. தம்பி பெயரைச் சொன்னாளா, மகன் பெயரைச் சொன்னாளா தெரியாது.

போன் அடித்தது. ரமேஷின் எண்.

அருள்மொழிக்கு உயிர் வந்தது. ஸ்பீக்கரைத் தட்டினாள், மாமியாரும் கேட்கட்டும் என்று.

"ஏனுங்க, எங்கீங்க இருக்கறீங்க?"

"நான் பேசறன் கண்ணு," என்றது சின்னக்கண்ணுவின் குரல்.

அவள் எண்ணை மறுபடி பார்த்தாள், ரமேஷின் எண்தான்.

"உம் புருசன் மூணாவது வரியயும் சொல்லிட்டான். நான் இங்கயே எறங்கிக்கறேன்னான். வயிறு சரியில்லன்னு பொதருக்குள்ள போனவன், கூப்புடக் கூப்புட வரல. போனை வண்டியிலயே விட்டுட்டுப் போயிட்டான். கெட்டிக்காரன். பேரு மட்டுந்தான் அவனுக்கு மறக்கும்போல."

இறங்கிவிட்டான். அருள்மொழி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். இறங்கிவிட்டான், டீயைக் குடிக்கவில்லை, கால் தரையில் இருக்கிறது. அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லட்டா கண்ணு," என்றார் அவர். அதே மெதுவான குரல். உலகத்திலேயே அந்தக் குரலை அவளைப்போல அறிந்தவர் யாரும் இல்லை, மாதக்கணக்கில் அதைத் தன் தொண்டையில் வைத்திருந்தவள் அவள். "அந்தக் கதைய நான் மூணு தடவ கேட்டவன். தூக்கம் வராமக் கேட்டன். அதுல வர்ற அத்தன பேரும் எனக்கு மனப்பாடம். காவலன் எறங்கறது எனக்கும் தெரியும். நீ ரெண்டாவது வரிய கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. செரி, அந்தப் புள்ள பொழச்சுப் போவட்டும்னு விட்டன்."

என்ஜின் கிளம்புகிற சத்தம் கேட்டது.

"எறங்கின காவலன் அப்பறம் ஆருகிட்டப் போய் என்ன சொல்றான், அந்த மந்திரி என்ன ஆவறான், அதுதான் எனக்குத் தெரியல. ரெண்டாவது பாகம் உங்கிட்டத்தான இருக்குது. நேர்ல வந்தே கேட்டுக்கறன். வண்டியத் திருப்பிட்டன். அவன் நடந்து வரோணும், நான் முன்னால வந்துருவன்."

போன் அணைந்தது.

அருள்மொழி எழுந்து கதவைச் சாத்தப் போனாள். சென்னம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சின்னுசாமிக் கவுண்டருக்குப் போன் போடு," என்றாள். "ஆளுகளக் கூட்டிட்டு ஒடனே வரச் சொல்லு. ரமேச வழியில பாத்து ஏத்திக்க ரெண்டு பேரு வண்டியெடுத்துட்டுப் போவட்டும்."

"கதவு அத்தை..."

"கதவு தெறந்தே கெடக்கட்டும். எந் தம்பி அக்கா ஊட்டுக்கு வாரான்."

சென்னம்மாள் அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. அடுப்பு பற்ற வைக்கிற சத்தம் கேட்கவில்லை. அருள்மொழி கவுண்டரிடம் உளறிக் கொட்டிவிட்டுத் திரும்பியபோது, மாமியார் ஒரு டம்ளரை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"டீ வெக்கலீங்களா அத்தை?"

"எதுக்கு? அவன் கொண்டுபோன ப்ளாஸ்க்குல அப்படியேதான இருக்கும். ரமேசுதான் குடிக்கலையே." சென்னம்மாள் வாசலைப் பார்த்தாள். "எந் தம்பி மேல தப்பில்லைன்னா, அதுல இருந்து ஒரு டம்ளர் ஊத்தி எம்முன்னால குடிக்கட்டும். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்க மாட்டன்."

மஞ்சுக்குள் ஒரு வண்டி மேடேறி வருகிற சத்தம் கேட்டது. கவுண்டரின் வண்டி இத்தனை சீக்கிரம் வர வழியில்லை.

சென்னம்மாள் குனிந்து, காலி டம்ளரை வாசற்படியின் நடுவில் வைத்தாள்.